ஒரே மில் நூல்தான்

"எல்லாம் ஒரே லாட்தானே தம்பி?" என்று கேட்டார் எங்கள் நூற்பாலையில் நூல் எடுக்கும் தறிக்காரர். "ஒரே மில் நூல்தான் அண்ணா" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் மில்லைப் பற்றிக் கேட்கவில்லை; எல்லாம் ஒரே பஞ்சுக் கலவையில் ஓடிய நூலா என்று கேட்டார்.

2023 கோடை. விஸ்கோஸ் எனும் ஆலையில் செய்யும் பஞ்சுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 29 அன்று நடைமுறைக்கு வந்திருந்தது, பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைவனம்) சான்று இல்லாத வெளிநாட்டுப் பஞ்சு வருவது நின்றது. கிடங்கில் மிச்சமிருந்த இந்தோனேசியப் பேல்களை (பஞ்சுப் பொதிகளை) உள்நாட்டுப் பஞ்சோடு பாதிக்குப் பாதி கலந்து 30-ஆம் நம்பர் நூல் ஓட்டிக்கொண்டிருந்தோம். லாட் பாதியில் இருக்கும்போதே அந்தப் பேல்கள் தீர்ந்தன. மீதியை உள்நாட்டுப் பஞ்சிலேயே ஓட்டி முடித்தோம். லாட் எண்ணை மாற்றியிருக்க வேண்டும், நூல் சுற்றும் கோன் முனையின் நிறத்தையாவது மாற்றியிருக்க வேண்டும். துண்டு லாட்டை எவன் வாங்குவான் என்றார் மேலாளர். தரம் பார்ப்பவனாகக் கையெழுத்துப் போட்டது நான்.

தெரியாமல் போடவில்லை. இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் இரண்டு கோன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஒன்று லேசான நீலத்தில் ஒளிர்ந்தது, மற்றது சற்று மங்கல். வெளியே கொண்டுவந்தால் இரண்டும் ஒரே வெள்ளை. வெளிர் நிறச் சாயமாக இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அவர் துணிக்கு ஏறியதோ கருநீலம். இரண்டு நூலும் சாயத்தை ஒரே அளவில் குடிக்கவில்லை. ஊடை (குறுக்கு நூல்) நெடுகப் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. வியாபாரி விலையைக் குறைத்துத்தான் எடுத்தான்.

பன்னிரண்டு தறி வைத்திருப்பவர். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். விஸ்கோஸ் பஞ்சுக்குப் பத்தாண்டுக்கும் மேலாக இருந்த, மலிவு விலை இறக்குமதியைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி 2021 ஆகஸ்டில்தான் நீங்கியது. ஒன்றரை ஆண்டு மூச்சு விட்டோம்; அடுத்த கதவாக இந்த ஆணை வந்தது. நாட்டில் இந்தப் பஞ்சைப் பெரிய அளவில் செய்யும் நிறுவனங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். போதாததற்கு ஜி.எஸ்.டி. தலைகீழாக நின்றது: பஞ்சுக்கு 18 சதவீதம், நூலுக்கு 12, துணிக்கு 5. கட்டிய வரிக்கும் வசூலித்த வரிக்கும் உள்ள இடைவெளியில் எங்கள் முதல் முடங்கிக் கிடந்தது. (விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து வருவது, பாலியஸ்டர் போலப் பெட்ரோலியப் பிள்ளை அல்ல, ஆனால் வரிப் பட்டியலில் இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள்.) பஞ்சு செய்யும் இழை ஆலையைக் காக்கப் போட்ட வேலியின் சுமை நூற்பாலைக்கு வந்தது. நாங்கள் அதைத் தறிக்காரர் தலையில் இறக்கினோம். அவருக்குக் கீழே இறக்கி வைக்க ஆளில்லை.

இப்படிச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசாங்கமா என்னை லாட் எண்ணை மாற்றாதே என்றது? இழை ஆலை நொடித்தால் பஞ்சுக்கு அடுத்த நாட்டின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வேலி வேண்டாம் என்று முழு மனதோடு சொல்ல வரவில்லை. உறுத்துவது வேறு. ஆணையின் பெயர் தரக் கட்டுப்பாடு. என் அறைக் கதவில் இருக்கும் பலகையிலும் அதே இரண்டு சொற்கள்தாம். பஞ்சு தரமானது என்பதற்குச் சான்று இருந்தது. நூலுக்குச் சான்று என் வாய்ச்சொல்.

அன்று "இல்லை அண்ணா, இரண்டு விதம் கலந்திருக்கிறது, பிரித்து ஓட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால்? விலை குறைத்துக் கேட்டிருப்பார், மேலாளர் என்னைத் தொலைத்திருப்பார். அல்லது ஒன்றுமே நடந்திருக்காது, பிரித்து ஓட்டியிருப்பார். இந்த இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2025 செப்டம்பரில் பஞ்சுக்கும் நூலுக்கும் வரி 5 சதவீதமானது. நவம்பரில் அந்த ஆணையையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அவர் இன்னும் எங்களிடம்தான் நூல் எடுக்கிறார், லாட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கள்ளநோட்டுப் பார்க்கும் சிறு விளக்கு ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுவருகிறார். கிடங்கில் மூட்டையைப் பிரித்துக் கோன்களை வரிசையாக நிறுத்துகிறார். நான் போய் லைட்டை அணைக்கிறேன்.