மெனுவில் படம் எங்கே போனது?

மார்ச் 4

லினக்ஸில் நான் பயன்படுத்தும் டெஸ்க்டாப் க்னோம். அதன் மெனுவில் சில செயலிகளுக்குப் படம் (ஐகான்) வரவில்லை. எல்லாவற்றுக்கும் பல்சக்கரம் போட்ட அதே பொதுப்படம். சொடுக்கினால் ஒழுங்காகத் திறக்கின்றன. அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினால் சரியாகிவிடலாம், ஆனால் காரணம் தெரியாமலே போய்விடும். அந்த வழி வேண்டாம்.

படம் இல்லாதவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். லினக்ஸின் நிறுவல் கருவியான பேக்கேஜ் மேனேஜர் வழியாக வந்த எதற்கும் பாதிப்பில்லை. ஹோம் அடைவுக்குள் நிறுவியவற்றில்தான் சிக்கல். அதிலும் பழையவை நன்றாக இருக்கின்றன. அண்மையில் நிறுவியவைதான் வெறுமையாக நிற்கின்றன. இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்துவிட்டால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

மார்ச் 5

செயலியின் பெயர், படம் போன்றவற்றை மெனுவுக்குச் சொல்லும் டெஸ்க்டாப் கோப்பைத் திறந்தேன். கணினி முழுமைக்குமான கோப்புகள் /யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் இருக்கும். நமக்கென்று உள்ளவை ஹோமில் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில். ஒரே பெயரில் இரண்டிலும் இருந்தால் ஹோமில் உள்ளதே செல்லும்.

'ஐகான்=' என்ற வரியில் கோப்பின் முழுப் பாதையையும் தரலாம், வெறும் பெயரையும் தரலாம். வெறும் பெயர் என்றால் பின்னால் .பிஎன்ஜி, .எஸ்விஜி போன்ற பட வகையைச் சேர்க்கக் கூடாது. இங்கே பெயர் மட்டும், சரியாகவே இருந்தது. பெயரைக் கொண்டு படத்தைத் தேடும் வேலை டெஸ்க்டாப்புடையது: முதலில் நடப்புத் தீம் (படங்களின் தொகுப்பு), அடுத்து அந்தத் தீம் சார்ந்திருக்கும் தீம்கள், பிறகு எல்லோருக்கும் பொதுவான ஹைகலர் தீம், கடைசியில் பிக்ஸ்மேப்ஸ் அடைவு. டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதிகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் விதி இது. க்னோம், இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ இரண்டுக்கும் பொருந்தும்.

தீமை மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை. தீம் மேல் குற்றமில்லை.

மார்ச் 7

பிடிபட்டுவிட்டது!

படக் கோப்பு இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது: .லோக்கல்/ஷேர்/ஐகான்ஸ்/ஹைகலர்/256x256/ஆப்ஸ். படிக்கும் அனுமதியும் உண்டு. ஆனால் ஹைகலர் அடைவின் மேல்மட்டத்தில் 'ஐகான்-தீம்.கேஷ்' என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. விரைவாகத் தேடுவதற்காகப் படங்களைப் பட்டியலிட்டு வைக்கும் கோப்பு அது. அதன் தேதி பிப்ரவரி 19. படம் வந்த தேதி பிப்ரவரி 26. ஏதோ ஒரு நிறுவி பிப்ரவரி 19 அன்று இந்தக் கேஷை உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

பழைய கேஷை டெஸ்க்டாப் ஏன் நம்புகிறது? ஹைகலர் அடைவின் நேரத்தையும் கேஷின் நேரத்தையும் மட்டும்தான் அது ஒப்பிடுகிறது. கேஷ் பழையதாக இருந்தால் ஒதுக்கிவிடும். ஆனால் லினக்ஸில் ஓர் அடைவின் நேரம் மாற, அதற்கு நேர் கீழே ஏதாவது சேரவோ போகவோ வேண்டும். படம் விழுந்தது இரண்டு படி கீழே, ஏற்கெனவே இருந்த ஆப்ஸ் அடைவில். அதனால் அந்த அடைவின் நேரம்தான் மாறியது. மேலே ஹைகலர் அப்படியே பிப்ரவரி 19-லேயே நிற்கிறது. கேஷில் பெயர் இல்லாததால் படமே இல்லை என்று முடிவாகிவிடுகிறது.

ஹைகலர் அடைவின் மேல் 'டச்' கட்டளையை ஓட்டி நேரத்தைப் புதுப்பித்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தேன். எல்லாப் படங்களும் வந்துவிட்டன. 'ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ்' கட்டளையால் கேஷைப் புதிதாகக் கட்டுவதும் ஒரு வழி. ஹோமுக்குள் என்றால் அந்தக் கேஷை நீக்கிவிடுவதே எனக்குப் பிடித்தது. அது இல்லாவிட்டால் டெஸ்க்டாப் தானே அடைவுகளைத் துழாவிக்கொள்ளும்.

மார்ச் 8

நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு மெனுவில் மட்டுமல்ல, ஜன்னலை மூடும் பொத்தானில்கூடப் படம் இல்லையாம். "ஒண்ணுமே தெரியலைங்க, எல்லாம் காலி" என்றார். அத்தனையும் ஒரேயடியாகப் போனால் கேஷைத் தேட வேண்டாம். எஸ்விஜி படங்களை வரையும் நூலகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நூலகமான லிப்ஆர்எஸ்விஜி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை. நிறுவியதும் சரியாகிவிட்டது.

மார்ச் 10

இன்னும் ஒன்று பாக்கி. ஒரு செயலிக்கு மெனுவில் படம் வருகிறது. திறந்தால், ஓடும் செயலிகளைக் காட்டும் பட்டையான டாக்கில் மட்டும் பல்சக்கரம். இது படம் தொலைந்த கதை இல்லை, அடையாளம் பொருந்தாத கதை. திறந்த ஜன்னல் எந்த டெஸ்க்டாப் கோப்பைச் சேர்ந்தது என்று டாக்குக்குத் தெரியவில்லை. ஆல்ட்+எஃப்2 அழுத்தி 'எல்ஜி' என்று தட்டி, க்னோமின் சோதனைக் கருவியைத் திறந்து, அதன் ஜன்னல்கள் பகுதியில் அந்த ஜன்னலின் வகைப்பெயரைப் பார்த்தேன். அதை எழுத்துப் பிசகாமல் டெஸ்க்டாப் கோப்பில் 'ஸ்டார்ட்அப்டபிள்யூஎம்கிளாஸ்=' வரியாகச் சேர்த்ததும் டாக்கில் சரியான படம்.

இந்தத் திருத்தம் என் கணினியோடு நின்றுவிடக் கூடாது. செயலியை எழுதுபவர்களுக்கு அந்த ஒரு வரியை விளக்கத்தோடு அனுப்பியிருக்கிறேன். படங்களை நேரடியாக நகலெடுக்காமல் 'எக்ஸ்டிஜி-ஐகான்-ரிசோர்ஸ்' கருவி மூலம் நிறுவச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அந்தக் கருவி தீம் அடைவின் நேரத்தையும் சேர்த்தே புதுப்பித்துவிடும்.