வெள்ளம் வடிந்த பிறகு

டிசம்பர் 7, 2023, வியாழன்

மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்து இரண்டு நாளாகிறது. வேளச்சேரியில் எங்கள் தெருவில் இன்னும் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. கரண்ட் நேற்று ராத்திரிதான் வந்தது, பால் பாக்கெட் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை, சம்ப்பை இறைத்துக் கழுவ ஆள் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். காலையிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் வெந்துபோய் இருக்கிறது.

என் வீட்டுக்காரருடைய ஜெராக்ஸ் கடை கீழ்த்தளத்தில். மெஷினுக்குள் சேறு போய்விட்டது. பேப்பர் கட்டுகள் ஊறி உப்பி, ரேக்கையே பிளந்துகொண்டு நிற்கின்றன. 2015-லும் இதே கடையில்தான் தண்ணீர் ஏறியது. அந்தக் கடனை அடைத்து இப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

போன் செய்கிறவர்கள் எல்லோரும் “உயிரோடு இருக்கீங்களே, அது போதும், தைரியமா இருங்க” என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், தெரிகிறது. ஆனால் தைரியம் என்பதை எங்கே போய் எடுத்துவருவது? எங்களுக்கு இப்போது வேண்டியது அதைவிடச் சின்ன விஷயங்கள்: நேரத்துக்கு ஒரு வாய் சோறு, நனையாத ஒரு பாய், விடாமல் நாலு மணி நேரத் தூக்கம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இதே நிலைமைதான், அதனால் எங்கள் வீட்டில் எது உதவுகிறது எது உதவவில்லை என்று இங்கே அவ்வப்போது எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 9, சனி

ராத்திரி யாரும் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலே தண்ணீர் வருகிறதோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறோம். நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. இது கோழைத்தனம் இல்லை. உடம்பு ஒரு ஆபத்தைப் பார்த்துவிட்டது, அடுத்ததற்குக் காவல் இருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கிவிடும்.

அதுவரைக்கும் நாங்கள் செய்கிற ஒன்று: மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்த நேரத்தைவிட நீளமாக வெளியே விடுவது. வெளியே விடும் மூச்சு நீளமானால் இதயத்துடிப்பு தணியும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லிக் கொடுத்தேன், பையன் எட்டு வரைக்கும் போகிறான்.

அப்புறம் இந்த வாட்ஸ்அப். ஏரி உடைந்துவிட்டது, இன்னொரு புயல் வருகிறது என்று 2015 வீடியோவை எல்லாம் இன்று எடுத்தது போல அனுப்புகிறார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு இரவு சாப்பிடவே இல்லை. இனி காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வானிலை மையம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா போனும் சமையலறை அலமாரிக்குப் போய்விடும் என்று முடிவு செய்திருக்கிறோம். அவசரத்துக்கு என்னுடையது மட்டும் கையில் இருக்கும்.

டிசம்பர் 11, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். யூனிஃபார்ம் ஒன்றுதான் தப்பியது, அதைப் போட்டு அனுப்பினேன்.

போகும் முன் கேட்டான், “அம்மா, மறுபடியும் தண்ணி வருமா?” வராது கண்ணா என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் இந்த ஊரில் அப்படிச் சொன்னால் அது பொய், அடுத்த மழையில் பிள்ளை என்னை நம்ப மாட்டான். “மழை வரும். தண்ணி ஏறினா மொட்டை மாடிக்குப் போவோம், என்ன எடுத்துக்கணும்னு நீதான் பாத்துக்கணும்” என்றேன். சாயங்காலம் வந்ததும் பழைய ஸ்கூல் பையை எடுத்து வைத்துக்கொண்டான். டார்ச், பவர் பேங்க், பாட்டியின் பிரஷர் மாத்திரை, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட், தீப்பெட்டியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி பையின் மேல் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறான். மாத்திரை எப்போது காலாவதி ஆகும் என்று தேதி வேறு போட்டிருக்கிறான். அன்றிரவு எழுந்திருக்காமல் தூங்கினான்.

சின்னப் பிள்ளைகளைப் பயப்படாதே என்று அதட்டுவதைவிட அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது எவ்வளவோ மேல். அது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

டிசம்பர் 14, வியாழன்

அத்தை கல்யாண ஆல்பத்தைப் பிரித்து, ஒட்டிக்கொண்ட படங்களைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக உரித்து, மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறார். பாதிப் படத்தில் முகம் கரைந்துவிட்டது. மாமா உட்கார்ந்திருக்கும் ஒரு படம் மட்டும் தெளிவாகத் தப்பியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ராத்திரி தண்ணீர் வந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறேன். இதோடு எத்தனையாவது தடவை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சொல்ல வேண்டும் என்று இருப்பவர்கள் சொல்லட்டும்.

என் வீட்டுக்காரர் விஷயம் நேர் எதிர். ஒரு வார்த்தை பேசுவதில்லை. தெருவில் நிவாரணத்துக்கு வந்திருந்த ஒரு மனநல ஆலோசகரிடம் கேட்டேன். “அவரா சொல்லாத வரைக்கும் கிளறாதீங்க, பக்கத்துல இருங்க, சாப்பிட்டாரா தூங்கினாரான்னு பாருங்க, வேண்டிய உதவி எங்க கிடைக்கும்னு சொல்லுங்க” என்றார். பேரிடர் நேரத்து மனநல முதலுதவியே இந்த மூன்றுதானாம்: கவனிப்பது, காது கொடுப்பது, உதவியோடு இணைத்துவிடுவது. நடந்ததை எல்லாம் உடனே கொட்டவைத்தால் மனம் லேசாகும் என்று நினைத்து வற்புறுத்துவது சிலருக்குக் கெடுதலாகக்கூட முடியும் என்றார். எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. துக்க வீட்டில்கூட நம் ஆட்கள் “எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு” என்று விடாமல் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 18, திங்கள்

வெள்ள நிவாரணம் ஆறாயிரம் ரூபாய் நேற்றிலிருந்து ரேஷன் கடையில் கொடுக்கிறார்கள். வாங்கிவிட்டோம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தெற்கே இப்படி ஆகிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் சித்தி பெண்ணின் போன் போகவே இல்லை. சுற்றிலும் தண்ணீர், திருச்செந்தூர் ரயில் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

பேசிவிட்டாள். எல்லோரும் பத்திரம். மாடி வீட்டில் பதினைந்து பேர் இருந்தார்களாம். ரயிலில் மாட்டிக்கொண்ட சுமார் 800 பேருக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள், தங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும்போது, அரிசி பருப்பு சேர்த்துச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். “அக்கா, ஆக்கிப் போட்ட ரெண்டு நாளும் பயமே தெரியல, இப்பதான் கை நடுங்குது” என்றாள். அது அப்படித்தான், ஓடியாடும்போது தெரியாது, உட்கார்ந்த பிறகுதான் வரும் என்று சொன்னேன். முதலில் தூங்கச் சொன்னேன். காபியைச் சாயங்காலத்தோடு நிறுத்தச் சொன்னேன். மாப்பிள்ளை தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்தால் விடாதே, அந்தத் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்து இன்னும் மோசமாகும் என்றேன். பையன் நடுவில் போனைப் பிடுங்கி அவள் மகளுக்குப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று பட்டியல் வாசித்தான்.

ஜனவரி 5, 2024, வெள்ளி

ஒரு மாதம் தாண்டிவிட்டது. எங்களுக்கெல்லாம் தூக்கம் திரும்பிவிட்டது, அவருக்கு இல்லை. காலையில் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் அடையாற்றிலிருந்து பழைய மெஷின் காட்டக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சட்டை தொளதொள என்று ஆகிவிட்டது. போன வாரம் “நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாவது வரும்” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அதை நான் பேச்சோடு பேச்சாக விடவில்லை. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்பது பாரத்தை இறக்கத்தான் உதவும். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், பிறகு “சில சமயம்” என்றார். அன்று ராத்திரியே 14416-க்குப் போன் போட்டோம். அரசு நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசுகிறார்கள். முதலில் நான் பேசினேன், அப்புறம் அவர் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அவர்கள் சொன்னபடி மறுநாளே அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போனோம். வரிசையில் எங்கள் ஏரியா முகங்கள் இரண்டு மூன்று. டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார், வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது என்றார். மாத்திரையை என் பொறுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தினமும் ஒரு சின்ன வேலை, மனம் வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டும், மனம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது என்றும் சொன்னார்.

அத்தை முதலில் “ஊர் என்ன சொல்லும்” என்றார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறோம், பிரஷருக்குப் போடுகிறோம், இதற்கும் போடுகிறோம் என்று சொல்லி முடித்தேன்.

ஜனவரி 8, திங்கள்

மழை. பையன் பையைத் திறந்து சரிபார்த்துவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டான். அவருடைய இன்றைய வேலை ஷட்டரை முழுதாக ஏற்றுவது. ஏற்றினார். பத்து நிமிஷம் நின்றார், இறக்கிவிட்டு மேலே வந்து டீ கேட்டார். நாளைக்கும் அதே வேலைதான், கூட நானும் நிற்பேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஓ.பி.