டிரமடாலை விட்ட பிறகு

ஜூன் 2

நேற்று இரவு போட்ட 25 மில்லிகிராம்தான் கடைசி டிரமடால்.

இடுப்பில் டிஸ்க் விலகி இடது கால் நரம்பை அழுத்தியபோது ஆரம்பித்த வலி மாத்திரை இது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 200 மில்லிகிராம் வரை போனது. அறுவை சிகிச்சை முடிந்து நரம்பு வலி அடங்கிய பிறகும் உடம்பு அதைக் கேட்டது. ஒரு வேளை தள்ளிப்போனாலே வியர்த்துக் கொட்டும். டாக்டர் ஒரேயடியாக நிறுத்த விடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓபியாய்டு, அதாவது டிரமடால் போன்ற அபின் வகை வலி மருந்து, எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம், முடியாவிட்டால் அதைவிட மெதுவாகக் குறைக்கலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். அவரும் அந்த வழியில்தான் என்னை இறக்கிக் கொண்டுவந்தார்.

இதைப் படிப்பவர்கள் யாரும் இன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் கடும் வலியும் மன உளைச்சலும் தற்கொலை எண்ணமும்கூட வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரித்திருக்கிறது. மாத்திரையைப் பாதியாக உடைப்பதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். என்னுடையது சாதாரண வகை. மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகையை உடைத்தால், நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

ஜூன் 3, இரவு

மதியத்திலிருந்து கொட்டாவி. தூக்கம் வந்து வருகிற கொட்டாவி இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது, தாடை வலிக்கும் அளவுக்கு. கண்ணில் நீர், மூக்கு ஒழுகல். சளி பிடித்துவிட்டதோ என்று என் கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. கையில் மட்டும் மயிர் குத்திட்டு நின்றது. போர்வை போர்த்தினால் வேர்க்கிறது, எடுத்தால் நடுங்குகிறது.

ஓபியாய்டு வித்டிராயலை, அதாவது பழகிய மருந்தை விடும்போது உடம்பு படும் பாட்டை, அளக்க மருத்துவர்கள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். 11 அறிகுறிகள், மொத்தம் 48 புள்ளிகள். கொட்டாவி, புல்லரிப்பு, மூக்கு ஒழுகல் எல்லாமே அதில் தனித்தனி வரிகள். அதைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. எனக்கு நடப்பது எதுவும் புதிதில்லை.

ஜூன் 4

மிக மோசமான நாள் இதுதான் என்று நினைக்கிறேன். விடியும்வரை கால் குடைச்சல். நீட்டினாலும் மடக்கினாலும் நிற்கவில்லை, எழுந்து நடந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் இடுப்பும் வலிக்க ஆரம்பித்தது.

அந்த இடுப்பு வலிதான் என்னைக் கலங்கடித்தது. பழைய நோய் திரும்பிவிட்டது, மாத்திரை இல்லாமல் இனி முடியாது என்று மனம் அடித்துச் சொன்னது. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் மறுபடி மாத்திரையை எடுக்கிறார்கள். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. வலி உண்மையான வலி. மருந்து இருந்தவரை அமுங்கிக் கிடந்த நரம்புகள், அது விலகியதும் சில காலத்துக்கு எதற்கும் கூடுதலாகவே வலிக்கும்.

டாக்டர் முன்பே சொல்லித் தந்த சோதனையைச் செய்தேன். கட்டிலில் உட்கார்ந்து வலி போகும் வழியை விரலால் தடவிப் பார்த்தேன். என்னுடைய பழைய வலிக்கு ஒரே பாதைதான்: இடது பின்புறத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சுண்டுவிரலில் முடியும். இருமினால் வெட்டும். இன்றைக்கு இருமிப் பார்த்தேன், வெட்டவில்லை. சுண்டுவிரல் மரத்துப்போகவில்லை. வலி இரண்டு காலிலும் இருக்கிறது, முழங்கையில் இருக்கிறது, தாடையில்கூட இருக்கிறது. என் டிஸ்குக்கும் முழங்கைக்கும் என்ன சம்பந்தம்?

சரி, இது மருந்து போகிற வலி. தெரிந்துகொண்டதால் வலி குறையவில்லை. ஆனால் பயம் குறைந்தது. மாலையில் வெந்நீரில் வெகுநேரம் குளித்தேன், காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். சாதாரண பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில்.

ஜூன் 5

வயிறு. அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஓபியாய்டு போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் குடலிலும் உண்டு. மாத்திரை போட்ட காலமெல்லாம் மலச்சிக்கல், இப்போது நேரெதிர். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கிறேன். வயிற்றுப்போக்கை நிறுத்த லோபராமைடு கடையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதுவும் ஒருவகை ஓபியாய்டுதான். அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டாக்டர் எழுதியதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

வியர்வைக்கும் படபடப்புக்கும் குளோனிடின் கொடுத்திருக்கிறார். ஓபியாய்டு மூளையில், உடம்பைப் பரபரப்பாக்கும் நோர்அட்ரினலின் சுரப்பை அமுக்கி வைக்கிறது. மருந்து போனதும், அமுக்கிய ஸ்பிரிங்கை விட்டதுபோல அது துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளலைத் தணிப்பதுதான் குளோனிடினின் வேலை. அடிப்படையில் அது ரத்த அழுத்த மாத்திரை என்பதால் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் இவர் என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறார். மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால் போடக்கூடாது என்பது எனக்குச் சொன்ன வரம்பு. இன்று இரவு 96.

"எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திரு, என்னைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன்.

ஜூன் 7

உடம்பு வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் இன்னொன்று வந்து நிற்கிறது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று ஒரு ஷாக். காரணமே இல்லாமல் நெஞ்சு அடைக்கும் பீதி.

டிரமடாலின் தனிக்குணம் இது. அது ஓபியாய்டு மட்டுமில்லை. மனச்சோர்வு மருந்துகள் சில செய்வதுபோல மனநிலையோடு தொடர்புடைய செரோடோனினையும் நோர்அட்ரினலினையும் மூளை நரம்புகள் திரும்ப உறிஞ்சிவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் சிலருக்கு இரண்டு வித வித்டிராயலும் சேர்ந்தே வரும். காலையில் டாக்டரிடம் போனில் பேசினேன். குழப்பமோ, இல்லாத குரல் கேட்பதோ, வலிப்போ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். எனக்கு அவை எதுவும் இல்லை. பீதி வரும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பேச வேண்டாம், இருந்தால் போதும்.

ஜூன் 12

நன்றாகப் பசித்தது! ஷாக் எப்போதாவதுதான்.

அக்கா வந்திருந்தாள். "நீ போய் இதுக்கெல்லாம் அடிமையாவியாடி?" என்று கேட்டாள். கோபமில்லை, அழுகைதான் இருந்தது அந்தக் குரலில். அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். எழுதிக் கொடுத்த மருந்தை எழுதிக் கொடுத்தபடியே சாப்பிட்டவருக்கும் நாளானால் உடம்பு பழகிவிடும். நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். அடிமைத்தனம் வேறு: தீங்கு என்று தெரிந்தும் கைமீறித் தேடிப் போவது. அதுவும் நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு, அவர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பலர் வாயே திறக்காமல் அறைக்குள் தனியாக நடுங்குகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கும் குரல் உடைந்துவிட்டது.

ஜூன் 26

தூக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பாதி இரவில் விழிப்பு வருகிறது. தூக்கமும் மனநிலையும் சீராக வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர். குளோனிடினையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாயிற்று.

இன்று வெகுநேரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். இடது தொடையின் பின்புறம் அந்தப் பழைய கோடு இழுத்தது. சுண்டுவிரல்வரை, அதே பாதை. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைச் செய்து, குப்புறப் படுத்திருந்தேன். அரை மணி நேரத்தில் தணிந்தது. 200 மில்லிகிராம் தேவைப்படுகிற வலியில்லை.

மீதமிருந்த டிரமடால் அட்டையை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும் இந்த நேரத்தில் பழைய அளவைப் போட்டால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று மருந்துக்கடையில் விசாரித்தோம், சரி என்றார்கள். மாலையில் நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.