மாவுக்கட்டு ஒன்பது வாரம், ஷூ நான்கு வருஷம்

என் மகன் பிறந்தது கோத்தகிரியில், ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு ராத்திரி. கையில் கொடுத்தபோது முகத்தைத்தான் பார்த்தேன். விடிந்து துணி மாற்றும்போதுதான் வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் இடது காலைப் பார்த்தபடி இருந்தது தெரிந்தது. குதிகால் மேலே ஏறியிருந்தது, பாதத்தின் நடுவில் ஆழமாக ஒரு மடிப்பு, கெண்டைக்காலும் கொஞ்சம் மெல்லிசு. இதற்கு வளைபாதம் என்று பேர்.

பார்க்க வந்தவர்கள் கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்டார்கள், ஏழாம் மாதம் வரை இலை பறிக்கப் போனதால்தான் என்றார்கள். நான் அதை நம்பி அழுதேன். இது யாருக்காவது இப்போது நடந்துகொண்டிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள், வளைபாதத்துக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது, சில குடும்பங்களில் வழிவழியாக வரும், அம்மா செய்த எதனாலும் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கு அதிகம்.

ஒரு கிளினிக்கில் எண்ணெய் தேய்த்து நீவுங்கள், நடக்கும்போது சரியாகிவிடும் என்றார்கள். மூன்று வாரம் போனது. வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காதான் பாதத்தை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வயிற்றுக்குள் மடங்கியே இருந்த கால் என்றால் விரலால் தள்ளினாலே நேராகும்மா, இது வரலை, உடனே கோயம்புத்தூர் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறவிக் குறைகளை 18 வயது வரை கண்டுபிடித்து இலவசச் சிகிச்சைக்கு அனுப்பும் அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது, வளைபாதம், உதட்டுப் பிளவு, பிறவி இதயக் கோளாறு, கண்புரை, காது கேளாமை எல்லாம் அதில் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அங்கே டாக்டர் பாதத்தைத் தொடுவதற்கு முன் தொடைகளை விரித்து இடுப்பு மூட்டைச் சோதித்தார், முதுகைத் திருப்பி நடுவில் குழியோ முடிக்கொத்தோ இருக்கிறதா என்று தடவினார். வேறு குறையோடு சேர்ந்தும் இது வரலாமாம். எங்களுக்கு இல்லை. அப்புறம் ஆறு அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டார், ஆறுக்கு ஐந்தரை. கூடினால் மோசம்.

சிகிச்சைக்குப் பொன்செட்டி முறை என்று பேர். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் அயோவாவில் வேலை பார்த்த இக்னாசியோ பொன்செட்டி 1940களின் கடைசியில் கொண்டுவந்தது. பிறந்த குழந்தைக்குப் பாத எலும்பு பெரும்பாலும் குருத்தாகத்தான் இருக்கும், தசைநாரும் இளகும், அதனால் வாரம் ஒருமுறை கையால் கொஞ்சம் திருப்பி, அந்த நிலையிலேயே விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு போடுகிறார்கள். முதல் கட்டில் பெருவிரல் பக்கத்தை மட்டும் தூக்கினார். குதிகாலை அவர் பிடித்துத் திருப்பவே இல்லை, நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு வாரமும் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை பஸ் மாறிப் போனோம், ஒரு வாரம் கோத்தகிரிப் பாதையில் மண் சரிந்து குன்னூர் சுற்றிப் போனோம். வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. எங்கள் ஊர் மூடுபனியில் கட்டு உள்ளே காய ஒன்றரை நாளாவது ஆகும், கணப்புக்குக் கிட்டே கொண்டு போகாதீர்கள், குழந்தையின் தோல் சுட்டுவிடும். விரல் நுனியை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப வர வேண்டும். விரல்கள் கட்டுக்குள் ஒளிந்தால் கட்டு நழுவிவிட்டது, அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டிலேயே முந்தின ராத்திரி ஊறவைத்துக் கழற்றுவதும் வேண்டாம், அந்த நேரத்திலேயே கால் பழையபடி திரும்பப் பார்க்கும்.

ஆறாம் கட்டு முடிந்ததும் குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இருக்கும் தசைநாரை, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, சின்னக் கத்தியால் வெட்டினார்கள். சில நிமிஷம்தான், தையல் இல்லை. மூன்று வாரக் கட்டுக்குள் அது நீளமாகவே வளர்ந்து சேர்ந்துகொண்டது. கட்டைப் பிரித்தபோது பாதம் நேராக இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இரண்டு காலுக்கும் ஷூ, இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு கம்பி, மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயது வரை தூக்கத்தில். அவன் அழுவான். ஒன்றரை வயதில் ஒரு கல்யாணத்துக்காகக் கழற்றியவள், கால் அழகாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதம் போடாமலே விட்டேன். குதிகால் தரையில் படாமல் பாதத்தின் வெளிவிளிம்பில் நடக்க ஆரம்பித்தான். திரும்ப மூன்று மாவுக்கட்டு. டாக்டர் திட்டவில்லை, ஆனால் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் ஷூவை நிறுத்தியவர்கள்தான் என்றார்.

பழகிய பிறகு தெரிந்தது: வாரைத் தளர்த்தினால்தான் குதிகால் நழுவித் தேய்ந்து கொப்புளம் வரும், இறுக்கிப் போடுங்கள், மடிப்பில்லாத பருத்திச் சாக்ஸ் போடுங்கள், கம்பிக்குப் பழைய துணி சுற்றுங்கள். கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாலு வயது முடிந்து போன மாதம்தான் ஷூவை நிறுத்தச் சொன்னார்கள். வலது பாதம் செருப்பு அளவில் அரை சைஸ் சின்னது, அப்படித்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் காட்டப் போக வேண்டும், தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.