மருந்தின் அளவும் கருவின் காலமும்

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னமுட்டம் துறைமுகத்தின் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடியில் அப்பியிருக்கும் கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிர்களைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வர்ணம் பூசுவார்கள். கொட்டலசு ஒட்டாமலிருக்க உலகெங்கும் கப்பல்களுக்குப் பூசப்பட்ட வர்ணங்களில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் பல ஆண்டுகள் கலக்கப்பட்டு வந்தது. அது கடல்நீரில் கசிந்தபோது பெண் நத்தைகளுக்கு ஆண்குறி வளர்ந்தது. இங்கிலாந்துக் கரையோரங்களில் ஒரு வகை நத்தைக்கு முட்டை வெளிவரும் பாதையே அடைபட்டு, பல இடங்களில் அந்த இனம் அற்றுப்போனது. பெண் நத்தைக்கு ஆண்குறி வளரத் தொடங்க ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கே போதுமாயிருந்தது. அவ்வர்ணத்தைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டாலும் 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

உயிரைக் குடித்தால்தான் நஞ்சு என்று பழகிய நமக்கு, ஹார்மோனைப் போல நடித்தோ அதன் வேலையை மறித்தோ உடலின் வளர்ச்சியைத் திசைமாற்றும் பொருள்களை நஞ்சாகக் கருதத் தோன்றுவதில்லை. மனிதக் கருவில் முதல் ஆறு வாரங்கள் இருபாலுக்கும் இனப்பெருக்க உறுப்புகளின் அடிப்படை ஒன்றே. அதன்பின் ஒய் குரோமோசோமின் மரபணு விதைகளை உருவாக்க, ஏறத்தாழ எட்டாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை அவை சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனே ஆணுறுப்பின் வளர்ச்சியை வழிநடத்துகிறது. பிளாஸ்டிக்கை நெகிழச்செய்யும் தாலேட்டுகள் சிலவற்றை, இதற்கு இணையான பருவத்தில், சினை எலிகளுக்குக் கொடுத்த சோதனைகளில், ஆண் குட்டிகளின் விதைகள் கீழிறங்காமலும் சிறுநீர்த் துவாரம் இடம் மாறியும் இருந்தன. வளர்ந்த எலிக்கு அதையே கொடுத்தால் இந்தக் குறைகள் உண்டாவதில்லை, ஏனெனில் அதன் உறுப்புகள் முன்பே உருவாகி முடிந்தவை.

கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அங்கிருந்த சிறுவர்களை, மருந்து படாத ஊர்ச் சிறுவர்களோடு ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய பாலுறுப்பு முதிர்ச்சி தாமதமாவதைக் காட்டியது. அதன் முறையைக் குறைகூறியவர்களும் உண்டு. ஆயினும் 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது.

இவற்றை வைத்துக்கொண்டு, திருநர் பிறப்பதற்கே பிளாஸ்டிக்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நான் ஏற்கவில்லை. அதற்குச் சான்று இல்லை என்பதோடு, மனிதர்களை நோயாகப் பேசும் வழக்கமும் அதில் ஒளிந்திருக்கிறது.

நம் மாவட்டத்து வாழைத் தோட்டங்களில் மருந்தடித்த கையோடு களையெடுக்கப் பெண்களை அனுப்புவதுதான் என்னை உறுத்துகிறது. கரு எளிதில் பாதிப்படையும் அந்த வாரங்களில் பெரும்பகுதி, மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டார் மறைத்துவைக்கும் காலத்திலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே கர்ப்பிணிகளை மட்டும் விலக்கிவைப்போம் என்ற ஏற்பாடு பயன்படாது. தெளித்த தோட்டத்திற்கு மருந்தின் வீரியம் அடங்கும்வரை எவரையுமே அனுப்பாமலிருக்க வேண்டும், அந்நாட்களுக்கான கூலியும் நில உடைமையாளரின் கணக்கிலேயே சேர வேண்டும்.