கோவணம், பூனை, எட்டு சிலிண்டர்

ஒரு நாள் காலையில் கராஜ் தரையில் இட்லி அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை கிடந்தது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கார் 1991 மாடல் மாஸ்டா மியாட்டா. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்குகிற கூரை, சுவிட்சைத் தட்டினால் தவளை மாதிரி கண் விழிக்கும் ஹெட்லைட். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, பிற்பாடு உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறிய வண்டி. பேர்தான் ஸ்போர்ட்ஸ் கார். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு 116 குதிரைத் திறன். கலிஃபோர்னியாவில் எங்கள் ஊரான ஃப்ரீமான்ட்டில் பிள்ளைகளைக் கணக்கு டியூஷனுக்கு அள்ளிப்போகும் வேன்கூட சிக்னலில் என்னை முந்திவிடும். எடை ஆயிரம் கிலோ அளவுதான் என்பதால் வளைவுகளில் மட்டும் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

டார்ச் அடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் எண்ணெய் மினுமினுத்தது. இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்கின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கிற ஆயில் சீல் போய்விட்டது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்குகிறவன் இன்ஜினையும் இறக்கினால் என்ன? இறக்கிய பிறகு, காலையில் டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம் போடும் அதே கிழட்டு இன்ஜினையா திரும்ப ஏற்றுவது?

இவ்வளவும் யோசிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. மீதிக்கு 14 மாதம்.

இன்ஜின் மாற்றுவது என்றால் எந்த இன்ஜின் என்ற கேள்வி வரும். எளிய வழி, இதே வரிசையில் 1994-இல் வந்த 1.8 லிட்டர் இன்ஜின். பழைய மவுண்டிங்கிலேயே உட்காரும், பழைய கியர்பாக்ஸோடு சேரும். புத்தியுள்ளவன் இதோடு நிறுத்தியிருப்பான். நான் அடுத்ததாக ஹோண்டாவின் கே24 இன்ஜினைப் படிக்கப் போனேன். 2.4 லிட்டர், நல்ல பேர், பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதை மாஸ்டா கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் தட்டு, அடியில் இடிக்காமல் இருக்க வேறு ஆயில் சம்ப் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி), தனி வயரிங், இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவும் தனி. எக்செல் ஷீட்டைத் திறந்து வரிசையாக எழுத ஆரம்பித்தேன்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சாமியார் கதை தெரியும்தானே? அந்தக் கதை எக்செலில் நடந்தது. இன்ஜின் பெரிதானால், அதன் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் தாங்காது. என் வண்டியில் அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் 6 அங்குலம், 1.8 லிட்டர் வண்டிகளில் வருவது 7 அங்குலம். சரி, அதை மாற்று. அதை மாற்றினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் இரண்டு ஆக்ஸிலும் சேர்ந்து மாற வேண்டும். இவ்வளவு வேகம் போகிற வண்டி நிற்க வேண்டாமா? பெரிய பிரேக். பெரிய ரேடியேட்டர். ரேடியேட்டர் மாற்றும்போதே ஹோஸ் எல்லாம் மாற்றிவிடுவது நல்லது. எல்லாம் புதிதாக இருக்கும்போது இருக்கைகள் மட்டும் ஏன் கிழிந்து கிடக்க வேண்டும்? 43-வது வரிசையில் ஒரு ஸ்டியரிங் வீல் வந்து நின்றது. மொத்தம் 11,400 டாலர். நான் கார் வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு.

ஷீட்டில் எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதற்கு மட்டும் ஒரு சனிக்கிழமை போனது. வேலையில் ப்ராஜெக்ட் பிளான் கேட்டால் முனகுகிற ஆள் நான்.

இடையில் ஒரு பலவீனமான இரவில் ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு சிலிண்டர் எல்எஸ் வி8 இன்ஜினையும் பார்த்துவிட்டேன். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இன்ஜின் 5.7 லிட்டர், 345 குதிரைத் திறன். முழுக்க அலுமினியம், பார்க்கத் தெரிகிற அளவுக்குக் கனமில்லை. இதை மியாட்டாவின் சின்ன பானட்டுக்குள் திணித்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். அதற்கென்று தனியாக ஒரு தாள் திறந்தேன். பெயர் ‘வேண்டாம்’ என்று வைத்தேன், மனைவி எட்டிப் பார்த்தால் நல்லெண்ணம் வரட்டும் என்று.

அவள் எட்டிப் பார்க்கவில்லை, நேராக உட்கார்ந்தே பார்த்தாள். "ஏங்க, இதுல அரிசி, பருப்புக்கு ஏதாவது வரிசை இருக்கா?"

கலிஃபோர்னியாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1976 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களில், புத்தம் புதியவை போக, பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை. வேறு இன்ஜின் போட்டால் ரெஃப்ரி என்று ஒருவரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். விசில் ஊதுகிறவர் இல்லை, அரசாங்க ஏற்பாட்டில் புகை விவகாரத்தைச் சரிபார்க்கிறவர். பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் உட்கார்ந்திருப்பார். போடுகிற இன்ஜின் காரின் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, அந்த இன்ஜினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் ஒன்றுவிடாமல் கூடவே வர வேண்டும், கனரக வண்டி இன்ஜினைச் சின்ன காரில் போடக் கூடாது. எல்லாம் ஒத்து வந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதே இதைவிடச் சுலபம். அங்கே பத்துக்கு ஆறு வந்தாலும் பரிகாரம் சொல்லி முடித்து வைப்பார்கள்.

குடியிருப்புச் சங்கத்து விதிப் புத்தகம் வேறு. ‘கராஜில் பெரிய வாகனப் பழுது வேலை கூடாது’ என்று ஒரு வரி. பெரிய என்றால் எவ்வளவு பெரிய என்று மின்னஞ்சலில் கேட்டேன். ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வந்து இறங்கினார்கள்.

அப்பா நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி பட்டறை வைத்திருந்தவர். பட்டறை என்றால் ஒரு வேப்பமரம், அதன் கிளையில் ஒரு செயின் பிளாக், கீழே கறுத்துப்போன மண். காலையில் டீ குடித்துவிட்டு இன்ஜினை இறக்கினால் மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி சேலம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். ஒருமுறை ஓர் அம்பாசடரில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றினார். ஓடியது. ஆனால் முன்பக்கம் அமுங்கி, வண்டி எப்போதும் யாருக்கோ கும்பிடு போடுகிற மாதிரியே போகும். அந்தக் காரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச மாட்டோம்.

வந்த மூன்றாம் நாள் அவரை கராஜுக்கு அழைத்துப் போய், லேப்டாப்பைத் திறந்து, 43 வரிசையையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"கண்ணு, பானட்டைத் தொற."

"அப்பா, முதல்ல இந்த ரெண்டாவது தாளைப் பாருங்க..."

"தாளுலயா எண்ணெய் ஒழுகுது? பானட்டைத் தொறடா."

வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கச்சேரி கேட்கிற பாவனை. "வால்வைத் தட்டுற டேப்பட்டுக்கு எண்ணெய் சரியா ஏறலை. ஆயில் எப்ப மாத்துன?"

நான் தரையைப் பார்த்தேன். எப்படியும் தூக்கிப் போடப் போகிற இன்ஜினுக்கு எதற்குப் புது ஆயில் என்று 14 மாதமாக மாற்றவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டு, "உம்மவன் பண்ணின காரியத்தைக் கேட்டியா?" என்று ஆரம்பித்தார். பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க் வரை போய்த்தான் திரும்பி வந்தார்.

அப்புறம் டார்ச்சை வாங்கி, நான் பார்த்த மாதிரி கீழே படுக்காமல், மேலேயிருந்து இன்ஜினின் பின்பக்கத்தில் அடித்தார். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்னால், வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டின் வால் நுனியில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சென்சார் இருக்கிறது. கேம் ஆங்கிள் சென்சார் என்று பெயர். அதைச் சுற்றி ஈரம். அங்கிருந்து எண்ணெய் பின்பக்கமாகவே இறங்கி, கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் வந்து சொட்டுகிறது. கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு கிராங்க் சீல் போன மாதிரியே தெரியும். இந்த வண்டிகளில் இது ஊரறிந்த வியாதி என்று அன்று இரவு தேடியபோது தெரிந்தது. 14 மாதமாக நான் தேடியதெல்லாம் குதிரைத் திறன்.

"எண்ணெய் எப்பவும் மேலேர்ந்துதான் கீழ வரும் கண்ணு," என்றார் அப்பா. நான்கு வருட இன்ஜினியரிங் படிப்புக்கு அவர் நிலத்தை அடமானம் வைத்தது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது போலிருந்தது.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 நம்பர் போல்ட். ஆனால் அதைக் கழற்றுமுன் ஒரு வேலை இருக்கிறது. சென்சாரைத் திருப்பி வைத்தால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழுகிற நேரம், மாறிவிடும், அதனால் இருந்த இடத்தில் அடையாளக் கோடு போட வேண்டும். மார்க்கர் எண்ணெயில் பிடிக்கவில்லை. மனைவி அவளுடைய கண்மைப் பென்சிலைக் கொண்டுவந்து நீட்டினாள். 14 மாதத்தில் இந்த காருக்கு அவள் கொடுத்த முதல் நன்கொடை.

இன்ஜினுக்கும் பின் தகட்டுக்கும் நடுவில் என் கை போகவில்லை. போன அளவுக்குத் தோல் உரிந்தது. அப்பாவின் கை பாம்பு புற்றுக்குள் போவது மாதிரி போய், கண்ணால் பார்க்காமலே போல்ட்டைக் கழற்றி வந்தது. சென்சாரில் எண்ணெயைத் தடுக்க இருந்த பழைய ரப்பர் வளையம் கைமுறுக்கு மாதிரி இரண்டாக ஒடிந்து விழுந்தது. புதிய வளையத்தின் விலை இரண்டு காபிக்குக் குறைவு. புது ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. கோடு கோட்டோடு பொருந்தியது. ஸ்டார்ட் பண்ணினோம். பல்லிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. நடுவில் சங்கத்துக்காரர் ஒருவர் நாயோடு அந்தப் பக்கம் வந்தார். லுங்கியோடு நின்ற அப்பாவைப் பார்த்தார், அப்பா தலையாட்டினார், அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பெரிய பழுது என்று அவருக்குத் தோன்றவில்லை போல.

மறுநாள் காலை தரையில் அட்டை விரித்துப் பார்த்தோம். ஒரு பொட்டு இல்லை. மனைவி அந்த அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள், சாட்சிக்கு.

நானும் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டேன். எக்செல் கோப்பை அழிக்கவில்லை, வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அழிப்பதற்கும் நகர்த்துவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டில் மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே அப்பா சாதாரணமாகக் கேட்டார். "அந்த ரெண்டாவது தாள்ல எட்டு சிலிண்டர்னு ஒண்ணு காட்டுனயே, அது அலுமினியமா?"

"ஆமாங்கப்பா."

"முழுசுமா?"

"முழுசும்."

சட்னியைத் தொட்டுக்கொண்டார். எதிரில் மனைவி தட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்ப முன் ஸ்பிரிங் ஒருவேளை தாங்கும்," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். "சும்மா, கணக்குக்குத்தான். அந்தத் தாளை எடு கண்ணு."

44-வது வரிசை: முன் ஸ்பிரிங். மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறேன்.