கருவாட்டு வாசனையும் மூன்றாவது ஜாடியும்

கொரியாக்காரர்கள் கோஸைப் புளிக்கவைத்துச் செய்யும் கிம்ச்சியைச் சைவமாகச் செய்யப் போய் ஒரு ஜாடியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன், ஒரு ஜாடியைக் குப்பையில் கொட்டினேன். மூன்றாவதுதான் உருப்படியாக வந்தது. நேற்று அதுவும் காலி. சிங்கப்பூரில் நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் மாமியார் சுத்த சைவம். எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கமே இல்லாதவர். என் மகள் கிம்ச்சி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊறுகா மாதிரிதானேம்மா இருக்கு, எனக்கும் மீன் கீன் போடாம கொஞ்சம் செஞ்சு தாயேன்" என்றார். அத்தை கேட்டதே பெரிது என்று அன்றைக்கே இறங்கிவிட்டேன்.

முதல் தவறு, குறுக்கு வழி தேடியது. கிம்ச்சி மசாலா விழுதாகவே பாட்டிலில் கிடைக்கிறது என்று தெரிந்து ஒரு கடைக்குப் போனேன். பாட்டிலின் முன்பக்கம் முழுக்கக் கோஸும் மிளகாயும் படம். அங்கே அடுக்கிக்கொண்டிருந்த ஊழியரிடம் இரண்டு முறை கேட்டேன், மீன் இருக்கிறதா என்று. பாட்டிலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "எல்லாம் காய்கறிதான்" என்றார். 12 வெள்ளி கொடுத்து வாங்கி வந்து, கோஸில் பிசைந்து, ஜாடியில் அடைத்து வைத்தாயிற்று. மறுநாள் அத்தை கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். "ஏம்மா, கருவாட்டு வாசனை வருதே?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெத்திலிச் சாறு, உப்பிட்ட இறால், இரண்டும் இருந்தன. அத்தை வாயில் வைக்கவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு ஆறுதல். பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் பேருந்து ஏறிக் கடைக்குப் போனால், திறந்த பாட்டிலைத் திரும்ப வாங்க மாட்டார்களாம். சொன்னது உங்கள் ஆள்தானே என்றேன். "தாளில் போட்டிருக்கிறதே" என்பதுதான் பதில். அந்தப் பதில் இன்னும் சுடுகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சிங்கப்பூரில் விற்கும் பொட்டலங்களில் மீன், இறால் வகை சேர்ந்திருந்தால் அதைப் போட்டாக வேண்டும் என்பது விதி. அதனால் யார் வாயையும் நம்பாதீர்கள், பின்பக்கத்துத் தாளைப் படியுங்கள்.

அடுத்தது எல்லாம் என் கையாலேயே. தேக்கா சந்தையில் இரண்டு கிலோ வோங் பொக், அதாவது நீளமான சீனக் கோஸ், முள்ளங்கி, வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு. கொரிய மிளகாய்த்தூளை, அதாவது கோச்சுகாருவை, மட்டும் தனியாகத் தேடி வாங்குங்கள். அது விதை நீக்கிய கொரகொரப்பான தூள், காரம் குறைவு, நிறம் அதிகம். அரைக் கோப்பை தாராளமாகப் போடலாம். நம் வீட்டு மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. கிடைக்கவில்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் பரவாயில்லை. மீன் சாற்றின் இடத்துக்கு, கொம்பு (kombu) என்கிற காய்ந்த கடற்பாசி ஒரு துண்டும் நாலைந்து காய்ந்த சிப்பிக்காளானும் கொதிக்கவைத்த தண்ணீர், அதில் இரண்டு கரண்டி சோயா சாஸ். அந்தத் தண்ணீரிலேயே இரண்டு கரண்டி அரிசிமாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சி, ஆறவைத்து, மிளகாய்த்தூளைக் கலந்துகொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு உப்பில் கோட்டைவிட்டேன். இத்தனை வருஷம் சமைத்த கை, அளவு தெரியாதா என்ற நம்பிக்கையில் கைப்பிடி அளவாகத் தூவினேன். ஜாடியை விளிம்பு வரை அடைத்து, மூடியை இறுக்கி, செய்முறையில் சொன்னபடி இரண்டு நாள் வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தேன். இரண்டாம் நாள் மாலை வந்து பார்த்தால் அலமாரித் தட்டு முழுக்கச் சிவப்புத் தண்ணீர். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. கோஸை விரலால் எடுத்தால் கொழகொழவென்று நழுவியது, நரம்பு மட்டும் கையில் நின்றது. காடிப் புளிப்பு. நல்லவேளை, கண்ணாடி வெடிக்கவில்லை.

தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. ஊரில் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்க ஒரு ராத்திரி போதாது. இங்கே எட்டு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூக்கோநாஸ்டாக் நுண்ணுயிர்தான் கிம்ச்சியையும் முதலில் புளிக்கவைப்பது. கொரியாவில் குளிர் தொடங்கும்போது குடும்பமாகக் கூடிச் செய்வதுதான் கிம்ஜாங். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் அது. இரண்டு மூன்று நாள் கணக்கு குளிர்ச்சியான அறைக்கானது. என் சமையலறையில் ராத்திரியிலேயே 30 டிகிரி. இட்லிக்கு மாவு அரைக்கிற எனக்கு இது தெரியாமலா இருந்தது? செய்முறையில் இருந்ததை நம்பினேன், அடுப்படியை மறந்தேன்.

மூன்றாவது முறை தராசை எடுத்தேன். இரண்டு கிலோ கோஸுக்கு 120 கிராம் கல்லுப்பு. அரை மணிக்கொரு முறை புரட்டிவிட்டு, இரண்டு மணி நேரம். தடித்த வெள்ளைத் தண்டை வளைத்தால் படக்கென்று ஒடியாமல் வளைய வேண்டும். அதுதான் பதம். பிறகு மூன்று தண்ணீரில் அலசி, அரை மணி நேரம் வடியவிட்டு, ஒரு துண்டை மென்று பாருங்கள். சாப்பிடுகிற பொரியலைவிட ஒரு மடங்கு உப்பு தூக்கலாக இருந்தால் சரி. கரித்தால் இன்னொரு தரம் அலசுங்கள். மசாலா பிசையும்போது கையுறை போடுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கை எரியும்.

ஜாடியில் முக்கால் பாகம்தான் அடைத்தேன், அடியில் ஒரு தட்டு, மூடி லேசாக. காலை எட்டு மணிக்கு வைத்தது, ராத்திரி பத்துக்கு ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ். கரண்டியால் அழுத்தினால் கோஸ் சாற்றுக்குள் முங்கியது, குமிழ் மேலே ஓடியது. காய் சாற்றுக்கு வெளியே நிற்கவே கூடாது, நின்றால் அங்கேதான் பூசணம் பிடிக்கும். மேலே வழவழப்பாக வெள்ளை ஏடு மட்டும் என்றால் வழித்துப் போட்டுவிடலாம். பஞ்சு போலவோ பச்சையாகவோ கறுப்பாகவோ வந்தால் ஜாடியோடு தூக்கிப் போடுங்கள், யோசிக்காதீர்கள்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ருசி பார்த்தேன். புளிப்பு தொட்டும் தொடாமலும் இருந்தது. அப்படியே குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் திறந்தபோது கடித்தால் நறுக்கென்றது, சாறு நாக்கில் சுருக்கென்று ஏறியது.

அத்தை முதலில் முகர்ந்து பார்த்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை கிண்ணத்தை நீட்டியபோது, "அடுத்த தடவ முள்ளங்கியவே சதுர சதுரமா வெட்டிப் போடும்மா, பல்லுக்கு நல்லா இருக்கும்" என்றார். நாளைக் காலையில் தேக்காவுக்குப் போகிறேன்.